தறி நின்றால் வருகிறேன்

எனக்குக் காது கூர்மை. இதை நான் ஒரு காலத்தில் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதனால் வந்த வினையைத்தான் இங்கே எழுதப்போகிறேன். குமாரபாளையத்தில் விசைத்தறிக்கு நடுவில் பிறந்தவள் நான். சுவருக்கு அந்தப் பக்கம் தறி, இந்தப் பக்கம் என் தொட்டில். தறி ஓடினால் தூங்குவேனாம், நின்றால் விழித்துக்கொண்டு ஊரைக் கூட்டுவேனாம். எங்கள் ஊரில் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான்.

கொரோனாவுக்கு முன்பு நான் கொசு ஒழிப்புப் பணியாள். கையில் ஒரு டார்ச், ஒரு மருந்து பாட்டில். வீடு வீடாகப் போய்த் தண்ணீர்த் தொட்டியிலும் டிரம்மிலும் பழைய டயரிலும் புழு நெளிகிறதா என்று பார்ப்பேன். எனக்கு மூன்று தெருக்கள். அந்தத் தெருக்களில் நான் போகாத சமையல்கட்டு இல்லை, குடிக்காத மோர் இல்லை. "கொசு மருந்தக்கா வந்திருக்குது" என்று சொல்லிவிட்டுப் பெண்கள் அவரவர் வேலையைப் பார்ப்பார்கள். என்னைப் பார்த்துச் சேலைத் தலைப்பைக்கூடச் சரிசெய்துகொள்ள மாட்டார்கள். நான் அவ்வளவு வீட்டுக்காரி.

கொரோனா வந்ததும் டார்ச்சை வாங்கி வைத்துக்கொண்டு, நெற்றிக்கு நேராக நீட்டும் துப்பாக்கி ஒன்றும் விரலில் மாட்டும் கிளிப் ஒன்றும் கொடுத்தார்கள். துப்பாக்கி காய்ச்சலைச் சொல்லும். கிளிப், ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று சொல்லும். தொண்ணூற்றைந்துக்குக் கீழே காட்டினால் உடனே மேலே தகவல் சொல்ல வேண்டும், ஆம்புலன்ஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும். வேலை இவ்வளவுதான் என்றார் சுகாதார ஆய்வாளர். அவருக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு, அந்த இரண்டு வருடத்தில் என்னைவிடப் பத்து வயது கூடிப்போனார். கேட்கும்போது எனக்கும் அது சின்ன வேலையாகத்தான் தெரிந்தது.

முதல் அலையின்போது முதல் தெருவில் ஒருவருக்குக் காய்ச்சல் இருப்பதைக் கண்டுபிடித்தேன். நூல் மூட்டை இறக்கும் வேலை செய்கிறவர். நான்தான் தகவல் சொன்னேன். வண்டி ஊளையிட்டுக்கொண்டு வந்தது, அவரை ஏற்றியது. பின்னாலேயே நான்கு பேர் வந்து வீட்டு வாசலில் தகரம் வைத்து ஆணி அடித்தார்கள். உள்ளே அவர் மனைவியும் இரண்டு பெண்களும். பதினான்கு நாள். பால்காரர் பாக்கெட்டைத் தூரத்தில் வைத்துவிட்டு ஓடினார். பக்கத்து வீட்டுக்காரி தன் பக்கத்து ஜன்னலைச் செங்கல் வைத்து அடைத்தாள். அவர் மனைவி வீட்டில் ஓட்டும் தறிக்குப் பாவு, அதாவது நீளவாட்டு நூல், கொடுக்கும் முதலாளி, தறியில் ஏற்றியிருந்த பாவை ஆள் வைத்துப் பின்வழியாகக் கழற்றிக்கொண்டு போனார். பாவு இல்லாத தறி வெறும் இரும்பு.

அந்த மனிதர் பிழைத்து வந்துவிட்டார். சீக்கிரம் கண்டுபிடித்ததால் பிழைத்தார் என்று டாக்டரே சொன்னார். ஆனால் அது யாருக்கும் நினைவில்லை. தகரத்தைக் கழற்றிய பிறகும் வாசல் நிலையில் ஆணி ஓட்டைகள் இருந்தன. அந்த வீட்டுக்குத் தகர வீடு என்று பெயர் விழுந்தது. இன்றைக்கும் பத்திரிகை வைக்கப் போகிறவர்கள் "தகர ஊட்டுக்குக் குடுத்தாச்சா?" என்றுதான் கேட்டுக்கொள்கிறார்கள்.

அதற்குப் பிறகு எனக்கு மோர் நின்றுபோனது. நான் தெருமுனையில் திரும்பும்போதே கதவுகள் சாத்தப்படும் சத்தம் வரிசையாகக் கேட்கும். தட்டினால், "இங்க யாருக்கும் ஒண்ணுமில்லீங்க, போங்க" என்று உள்ளேயிருந்தே பதில் வரும். நான் வரும் நேரம் தெரிந்து, அரை மணி நேரம் முன்பே காய்ச்சல் மாத்திரை போட்டுக்கொள்வார்கள். துப்பாக்கி பச்சை விளக்கைக் காட்டும். ஒரு வீட்டில் மாமியாருக்குக் கிளிப் மாட்ட வேண்டும் என்றேன். கதவு இடுக்கு வழியாக ஒரு கை வந்தது. தொண்ணூற்றெட்டு. எழுபது வயதுக் கையில் ஒரு சுருக்கம்கூட இல்லை. "ஏனுங்க, உங்க மாமியாரு நகப்பூச்செல்லாம் போடுவாங்களா?" என்று கேட்டேன். கதவு என் மூக்கில் இடிக்காத குறையாகச் சாத்திக்கொண்டது.

கோபம் வந்தது. நான் என்ன எமன் வீட்டு ஏஜெண்டா? மூச்சடைக்கும் முகக்கவசத்தைப் போட்டுக்கொண்டு, அதன்மேல் பிளாஸ்டிக் தடுப்பை மாட்டிக்கொண்டு, சித்திரை வெயிலில் வேர்த்து ஒழுக நடந்தால் இவர்கள் என்னைக் கண்ணாமூச்சி ஆட வைக்கிறார்கள். அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. வாய் பொய் சொல்லும், கை பொய் சொல்லும், தறி பொய் சொல்லாது. வீட்டோடு இருக்கும் தறி சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் நிற்கும். நூல் அறுந்தால் கொஞ்சம் நிற்கும். அரை நாள் நின்றால் அந்த வீட்டில் ஆள் படுத்திருக்கிறார் என்று அர்த்தம். நான் கதவைத் தட்டுவதை விட்டுவிட்டு, தெருவில் நடந்துகொண்டே காதால் கணக்கெடுத்தேன். எங்கே சத்தம் இல்லையோ அங்கே மட்டும் போய் நின்றேன். இரண்டாம் அலை தொடங்கிய முதல் பத்து நாளில் ஐந்து பேரை அப்படிப் பிடித்தேன். பிடித்தேன் என்றுதான் அப்போது சொல்லிக்கொண்டோம், திருடனைப் பிடிப்பதைப்போல.

எப்படிக் கண்டுபிடிக்கிறேன் என்று ஆய்வாளர் கேட்டார், சொல்லவில்லை. சொன்னது ஒருத்தியிடம் மட்டும். மூன்றாம் தெருவில் இருந்த என் சிநேகிதியிடம்.

நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சு. அவளைக் கட்டிக்கொடுத்த வீடு என் மூன்றாம் தெருவிலேயே அமைந்தது. எல்லா வீடும் எனக்குக் கதவைச் சாத்திய பிறகும் அவள் மட்டும் பின்வாசலில் ஒரு சொம்பு மோர் வைத்துவிட்டு, நான் குடித்து முடிக்கும்வரை தள்ளி நின்று பேசிக்கொண்டிருப்பாள். அவள் வீட்டில் இரண்டு தறி. ஒன்று ரொம்ப நாளாகப் பழுதாகிக் கிடந்தது, இன்னொன்றில் அவள் வீட்டுக்காரர் லுங்கி ஓட்டிக்கொண்டிருந்தார். அதிகம் பேசாத மனிதர். என்னைக் கண்டால் "வாங்க" என்பார், போகும்போது "செரிங்க" என்பார், நடுவில் தறிதான் பேசும்.

அன்றைக்கு மோர் குடித்த குளிர்ச்சியில் வாய்க்கொழுப்பெடுத்துச் சொன்னேன். "அம்மிணி, இவங்க என்னதான் ஒளிச்சு வெச்சாலும் எனக்குத் தெரிஞ்சு போயிரும். தறி நின்னுச்சுன்னா நான் வந்து நிப்பேன்."

அவள் சிரித்தாள். "ஆத்தாடி, பாம்புக் காதுடி உனக்கு" என்றாள். அவளும் சொல்லாமல் இருந்திருப்பாளா என்ன? ஒரு வாரத்தில் மூன்று தெருவுக்கும் விஷயம் போய்ச்சேர்ந்துவிட்டது. எனக்கு அது எப்படித் தெரிந்தது என்றால், அதற்குப் பிறகு எந்தத் தறியும் நிற்கவே இல்லை.

முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. நோய் குறைகிறது என்று நினைத்தேன். பக்கத்து ஊர்களில் ஆம்புலன்ஸ் போவதும் வருவதுமாக இருந்தது. காவிரிப் பாலத்துக்கு அந்தப் பக்கம் பவானியில் சுடுகாட்டுப் புகை அடங்கவில்லை என்றார்கள். என் மூன்று தெருவிலும் மட்டும் காலையிலிருந்து பொழுது சாயும்வரை தறிகள் இரைந்துகொண்டே இருந்தன. "உங்க ஏரியா மட்டும் சுத்தமா இருக்குதுக்கா, சபாஷ்" என்றார் ஆய்வாளர். இங்கே மட்டும் ஏன் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

ஒரு நாள் பகல் ஒரு மணிக்கு மூன்றாம் தெருவில் நடந்துகொண்டிருந்தேன். சிநேகிதி வீட்டுத் தறி ஓடிக்கொண்டிருந்தது. சாப்பாட்டு நேரத்திலும் விடாமல் ஓட்டுகிறாரே என்று நின்றேன். நின்ற இடத்தில் எனக்கு ஏதோ உறுத்தியது. தறி என்றால் சில நிமிஷத்துக்கு ஒரு தடவை நின்று ஓட வேண்டும். பாவுக்குக் குறுக்கே ஊடைநூலை இழுத்துக்கொண்டு பாயும் கட்டையை நாடா என்போம். நாடாவுக்குள் இருக்கும் நூல் தீர்ந்தால் தறியை நிறுத்தி வேறு நூல் மாற்ற வேண்டும். நூல் தீராத நாடா உலகத்தில் கிடையாது. இந்தத் தறி பத்து நிமிஷம் ஓடியது, இருபது நிமிஷம் ஓடியது, ஒரு தடவைகூட நிற்கவில்லை.

நிற்காத தறி எதையும் நெய்யாத தறி. ஊடைநூல் இல்லாமல் வெறும் நாடாவை ஓட விட்டிருக்கிறார்கள். நூல் தீர்ந்தால் தானாக நிற்பதற்கென்று ஒரு கம்பி இருக்கும், அதைக் கட்டிவைத்துவிட்டுச் சத்தத்துக்காக மட்டும் ஓட்டுகிறார்கள். அந்தச் சத்தத்துக்குள்ளே எங்கேயோ ஓர் இருமல் புதைந்திருக்கிறது என்று தெரிந்துவிட்டது. அது மட்டுமில்லை. அந்தத் தெருவில் இன்னும் எத்தனை தறி அப்படி ஓடுகிறது என்று நின்று கேட்டேன். குறைந்தது மூன்று.

பின்பக்கச் சந்தின் வழியாகப் போனேன். அறை ஜன்னல் பாதி திறந்திருந்தது. கட்டிலில் அவர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். சிநேகிதி கஞ்சி டம்ளரோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு இரண்டு கையையும் கூப்பினாள். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள் என்னைக் கும்பிடுகிறாள்.

"எத்தன நாளாச்சு?" என்றேன்.

"மூணு நாளுடி. சும்மா சளிதான். வெயிலு சூடு."

"கைய நீட்டச் சொல்லு. மூஞ்சியையும் காட்டச் சொல்லு. உன்ற கைய நீட்டி என்னை ஏமாத்தலாம்னு பாக்காத."

அவர் திரும்பினார். ஜன்னல் கம்பி வழியாகக் கையை நீட்டினார். தறி எண்ணெய் ஏறிய தடித்த விரல். கிளிப் தொண்ணூற்றைந்து காட்டியது. பிறகு தொண்ணூற்று நான்காகி, மறுபடி தொண்ணூற்றைந்தில் நின்றது. கோட்டின் மேலேயே உட்கார்ந்திருந்தது எண்.

"ஆஸ்பத்திரிக்குப் போயிரலாங்க. இப்பப் போனா நல்லாயிரும்" என்றேன்.

அவர் என்னிடம் அவ்வளவு பேசியது அன்றைக்குத்தான். "போன வருசம் பவானில இருந்த எங்கய்யனையும் அப்படித்தானுங்க சொல்லிக் கூட்டிட்டுப் போனாங்க. நடந்து போயி வண்டில ஏறுனாரு. பொட்டணமாத்தான் வந்தாரு. மூஞ்சி பாக்க உடல. பாடை இல்ல, பந்தல் இல்ல, துக்கம் கேக்க ஒரு ஆளு வந்து என்ற கையத் தொடல. நான் ரோட்டுக்கு அக்கட்ட நின்னு பொகையப் பாத்துட்டு வந்தேன். நான் போக மாட்டனுங்க. செத்தா இங்கயே சாவறேன்."

எங்கள் பக்கம் இழவு வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் செய்வது, வீட்டு ஆண்களின் கையைத் தொட்டு விடுவதுதான். பேச்சு வேண்டாம், தொட்டால் போதும். அந்தத் தொடுதல் இல்லாமல் தகப்பனை அனுப்பிய மகனிடம் நான் தொண்ணூற்றைந்து, தொண்ணூற்று நான்கு என்று என்ன சொல்லிப் புரிய வைப்பது? சட்டம் என் பக்கம் இருந்தது. நியாயம் அவர் பக்கம் இருந்தது.

சிநேகிதி ஜன்னலுக்கு அருகில் வந்து கிசுகிசுத்தாள். "மேல சொல்லிறாதடி. தகரம் அடிச்சா நாங்க இந்தத் தெருவுல பொழைக்க முடியாது. நீயே தெனமும் வந்து பாரு. கொறைஞ்சுதுன்னா நானே அனுப்பறேன்."

"திடீர்னு முடியாமப் போச்சுன்னா? போன் பண்ணுவியா?"

"போன்ல பேசுனா பேரு லிஸ்டுல ஏறிருமாமே, ஊரே சொல்லுது. போனெல்லாம் வேண்டாம். முடியலைன்னா தறிய நிறுத்திர்றேன். சத்தம் நின்னா வா."

அப்படி எந்த லிஸ்டும் இல்லை என்று எனக்குத் தெரியும். சொல்லியும் பார்த்தேன், அவள் காதில் ஏறவில்லை. சரி என்றேன். "தறி நின்னா வாரேன்" என்றேன். எந்தக் கர்வத்தில் நான் அவளிடம் பீற்றிக்கொண்டேனோ, அதையே அவள் எனக்கு ஒப்பந்தமாகத் திருப்பிக் கொடுத்தாள். எனக்கு அதில் ஒரு நிம்மதிகூட இருந்தது. அதை இப்போது நினைத்தால் என்மேலேயே காறித் துப்பத் தோன்றுகிறது.

ஆய்வாளருக்குக் காட்ட எண்களைக் குறிக்கும் நோட்டில் அந்த வீட்டுக்கு நேராகத் தொண்ணூற்றேழு என்று எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும், பொய்யும் அழகாகத்தான் விழுந்தது. வெறும் தறி ஓடிய மற்ற மூன்று வீட்டையும் நான் தட்டவில்லை, அவர்களைச் சொன்னால் இவளையும் சொல்ல வேண்டிவரும்.

மறுநாள் தொண்ணூற்று நான்கு. அதற்கு மறுநாளும் தொண்ணூற்று நான்கு. ஒவ்வொரு நாளும் பகலில், சந்தில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, ஜன்னலுக்குப் போவேன். அந்தக் கை வெளியே வரும். நோட்டில் தொண்ணூற்றேழு என்று எழுதுவேன். ஒவ்வொரு நாளும் "நாளைக்குக் கொறைஞ்சா வண்டியக் கூப்புட்டுருவேன்" என்று மிரட்டுவேன். ஒவ்வொரு நாளும் அவள் "செரி, நீ சொல்றாப்புல" என்பாள். தறி பக்கத்து அறையில் நிற்காமல் ஓடும். பேசுவதைக் கேட்க நாங்கள் ஒருவர் வாயை ஒருவர் பார்க்க வேண்டியிருந்தது.

நான்காம் நாள் தொண்ணூற்று இரண்டு. விரல் நுனி லேசாகக் கறுத்திருந்தது. எண்ணெய்க் கறை என்றாள் அவள். தேய்த்துப் பார்த்தேன், போகவில்லை.

"இதுக்கு மேல முடியாது புள்ள. நாளைக்கு நான் வந்து பாத்துட்டு, இதே இருந்தாலும் வண்டி வரும். தகரம் அடிச்சா அடிக்கட்டும்."

அவள் அழவில்லை. யோசித்தாள். "செரி. நாளைக்கு வா. நானே அவருகிட்டப் பேசி வெக்கறேன். ஆனா ஆளுக இருக்கறப்ப ஊட்டுப் பக்கம் வந்துறாத. ஒருத்தி பாத்தாலும் போச்சு."

அன்றைக்கே கூப்பிட்டிருக்க வேண்டும். எந்த டாக்டரும் சொல்ல வேண்டியதில்லை, கிளிப் கொடுத்தபோது முதல் நாளே எனக்குச் சொல்லிக்கொடுத்ததுதான். அவர் சம்மதத்தோடு போகட்டும், நாளைக்குத்தானே என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் ஷட்டவுன். மாதத்துக்கு ஒரு நாள் கம்பிகளைப் பராமரிக்கக் காலை ஒன்பது மணியிலிருந்து மாலை ஐந்து மணிவரை எங்கள் ஊரில் கரண்டை நிறுத்துவார்கள். அந்த நாள் தறிக்காரர்களுக்குக் கோயில் நோம்பி நாளைப்போல. நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும், ஒன்பது மணிக்குத் தறி நின்றதும் தெருவே வெளியே வந்துவிடும். வேப்பமரத்தடியில் கட்டில்களைப் போட்டுக்கொள்வார்கள், சீட்டாடுவார்கள், பெண்கள் பேன் பார்ப்பார்கள், பூண்டு உரிப்பார்கள். முகக்கவசத்தைத் தாடையில் தொங்கவிட்டுக்கொண்டு வாய் நிறையப் பேசுவார்கள். உள்ளே புழுக்கத்தில் யார்தான் இருப்பார்கள்?

நான் காலையில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை பாக்கெட்டுகளை எண்ணி வாங்கிக்கொண்டு, பதினொரு மணிக்கு மூன்றாம் தெரு முனைக்கு வந்தேன். ஒரு தறிச் சத்தம் இல்லை. எங்கேயோ ஒரு மைனா கத்துவது கேட்டது. இந்தத் தெருவில் மைனா இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். தெரு முழுக்க ஆட்கள். பின்பக்கச் சந்திலும் நிழலுக்காக நான்கு பெண்கள் உட்கார்ந்து புளி ஆய்ந்துகொண்டிருந்தார்கள், சரியாக அந்த ஜன்னலுக்கு எதிரே. என்னைப் பார்த்ததும் பேச்சு நின்றது. நான்கு பேரும் என் கையில் இருந்த கிளிப்பைப் பார்த்தார்கள்.

"என்னங்கக்கா, இங்க யாருக்கு?" என்றாள் ஒருத்தி.

"யாருக்குமில்ல. தண்ணித் தொட்டி பாக்க வந்தேன்" என்றேன். என் வாய்தான் சொன்னது.

சிநேகிதி வீட்டைத் திரும்பிப் பார்த்தேன். முன்கதவு சாத்தியிருந்தது, ஜன்னலும் சாத்தியிருந்தது. வீடு அமைதியாக இருந்தது. எல்லா வீடும் அமைதியாகத்தான் இருந்தது. ஆட்கள் இருக்கும்போது வராதே என்று அவள் சொன்னது ஞாபகம் வந்தது. சாயங்காலம் கரண்ட் வந்ததும் எல்லாரும் உள்ளே போய்விடுவார்கள், அப்போது வரலாம் என்று திரும்பிவிட்டேன். பரிசோதனை முகாமில் ஆள் பற்றவில்லை என்று ஆய்வாளர் கூப்பிட்டார், பகல் முழுவதும் அங்கே இருந்தேன். இடையில் எனக்கு ஒரு தடவை திக்கென்றது. சத்தம் நின்றால் வா என்றாளே, இன்றைக்கு எப்படித் தெரியும் என்று. கரண்ட் வந்ததும் ஓட்டிவிடுவாள், அப்போது தெரிந்துவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

நாலே முக்காலுக்கு மூன்றாம் தெரு முனையில் போய் நின்றேன். வெயில் தாழவில்லை. கட்டில்களை உள்ளே எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஐந்து மணிக்குச் சரியாகத் தெருவிளக்கு ஒன்று பகலிலேயே எரிந்தது. முதல் வீட்டில் தறி ஓடத் தொடங்கியது. பிறகு எதிர்வீடு. பிறகு அடுத்தடுத்து. நான் விரல் விட்டு எண்ணினேன். எந்தத் தறி யாருடையது என்று எனக்குப் பார்க்காமலே தெரியும். அந்த மூன்று வெறும் தறிகளும்கூட ஓடத் தொடங்கிவிட்டன. தெரு முழுக்கப் பழையபடி இரைந்தது. அவள் வீட்டில் மட்டும் ஒன்றும் கேட்கவில்லை.

நூல் அறுந்திருக்கும் என்று ஒரு நிமிஷம் நின்றேன். வெறும் தறியில் அறுவதற்கு நூல் ஏது என்று உறைத்ததும் ஓடினேன். சந்து வழியாகப் போகவில்லை. தெரு நடுவே, எல்லாரும் பார்க்க, முன்கதவையே தட்டினேன்.

அவள் திறந்தாள். முகத்தில் பதற்றம் இல்லை, அதுதான் என்னைப் பயமுறுத்தியது. "வந்துட்டியா" என்றாள். "எட்டரைக்கே நிறுத்திட்டனே. கரண்டு போறதுக்கு முன்னாடியே நிறுத்திட்டேன். ஏன் இவ்வளவு நேரம்?"

"இப்ப எப்படி இருக்காரு?"

"காலைல மூச்சு வாங்குனாரு. அதான் நிறுத்துனேன். நிறுத்துனதுக்கு அப்புறம் சத்தம் இல்லாம நல்லாத் தூங்கறாரு. எத்தன நாளாத் தூக்கமே இல்ல, பாவம். எழுப்ப மனசு வல்ல. நீ வந்து பாத்துக்குவேன்னு இருந்துட்டேன்."

நான் கிளிப்பை மாட்டினேன். முதலில் எண் வரவே இல்லை, கோடு கோடாகக் காட்டியது. வேறு விரலில் மாட்டினேன். ஐம்பத்தெட்டு. அந்தக் கருவியில் அப்படி ஓர் எண் வரும் என்பதே எனக்குத் தெரியாது. அவர் தூங்கவில்லை. எட்டரை மணியிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக மூழ்கிக்கொண்டிருந்தார். நான் கன்னத்தைத் தட்டிக் கூப்பிட்டேன். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "வாங்க" என்றார். வீட்டுக்கு வந்தவளுக்குச் சொல்கிற அதே வாங்க.

நான் கூப்பிட்ட ஆம்புலன்ஸ் வர ஒன்றே கால் மணி நேரம் ஆனது. மாவட்டம் முழுக்க வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. பெரிய ஆஸ்பத்திரி வாசலில் எங்களுக்கு முன்னால் வண்டிகள் வரிசையில் நின்றன, ஒவ்வொன்றிலும் ஓர் ஆள். வரிசை நகர்வதற்குள் அவர் போய்விட்டார். பொட்டணமாகத்தான் கொடுத்தார்கள். சிநேகிதி ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று புகையைப் பார்த்தாள். கையைத் தொட யாரும் வரவில்லை. நான் பக்கத்தில் போனேன், அவள் இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

மறுநாள் அவள் வீட்டுக்குத் தகரம் அடித்தார்கள். அந்த வாரத்திலேயே வெறும் தறி ஓடிய அந்த மூன்று வீட்டுக்கும் அடித்தார்கள், பிறகு வேப்பமரத்தடியில் சீட்டாடிய வீடுகளுக்கு. முழு ஊரடங்கு வந்தபோது ஆணி தீர்ந்துபோய்க் கயிற்றால் கட்டினார்கள். நோட்டைப் பார்த்த ஆய்வாளர், "தொண்ணூத்தேழுன்னு எழுதியிருக்கீங்களேக்கா, ஒரே நாள்ல எப்படி?" என்று கேட்டார். "சில பேருக்குத் திடீர்னு எறங்கிருங்க சார்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினார். யாரும் என்னைத் தண்டிக்கவில்லை. மாறாக, இரண்டாம் அலையில் நன்றாக வேலை செய்ததற்காக எல்லாருக்கும் கொடுத்த சால்வையை எனக்கும் போர்த்தினார்கள். அது பீரோவில் பிரிக்காமல் கிடக்கிறது.

இப்போது நான் பழையபடி கொசு மருந்துக்குத் திரும்பிவிட்டேன். டார்ச் கையில் இருக்கிறது. முதல் இரண்டு தெருவில் எனக்கு மறுபடி மோர் கிடைக்கிறது. "கொசு மருந்தக்கா, அடுத்தாப்புல ஏதோ புதுசா வருதாமே?" என்று சிரித்துக்கொண்டே கேட்கிறார்கள். வந்தால் என்னிடம் சொல்வீர்களா என்று கேட்கிறேன். "எங்க ஊட்டுலயெல்லாம் வராதுங்க" என்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வருவதில்லை. வரும். மறுபடி ஆணி அடிப்பார்கள், மறுபடி இவர்கள் வெறும் தறியை ஓட்டுவார்கள். எதுவும் மாறவில்லை என்பதை ஒவ்வொரு தெருவிலும் காதால் கேட்டுக்கொண்டுதான் நடக்கிறேன்.

சிநேகிதி அதே வீட்டில்தான் இருக்கிறாள். தறியை இப்போது அவளே ஓட்டுகிறாள், சில நிமிஷத்துக்கு ஒரு தடவை நின்று ஓடும் நல்ல தறி. நான் மூன்றாம் தெரு முனையில் திரும்புவது அவளுக்கு எப்படித் தெரிகிறதோ, தெரியவில்லை. நான் காலடி வைத்ததும் அந்தத் தறி நின்றுவிடும். நூல் மாற்றுகிற நேரம்வரை காத்துப் பார்த்திருக்கிறேன், ஓடாது. நான் அந்தத் தெருவைக் கடந்து போன பிறகே மறுபடி ஓடும்.

ஒவ்வொரு தடவையும் நான் போய்க் கதவைத் தட்டுகிறேன். இதுவரை திறந்ததில்லை.